தாய்வித்து காணாமல் போன காலை

செத்துப்போயிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். காணோம் என்றால் எங்கே போய்த் தேடுவது?

வெங்கடலட்சுமி காலியான குளிர்பெட்டியின் முன் நின்றிருந்தாள். 1996, விஜயதசமிக் காலை. காளான் இழை உயிரோடு வளரும் தாய்வித்துக் குழாய்களும் இல்லை, அதிலிருந்து வடித்த நொதிநீர்ப் புட்டிகளும் இல்லை. பஞ்செடுத்த பின் வயலில் தீ வைத்துவிடும் பருத்திமார்த் தண்டுகளை அந்த நீரில் ஊறப்போட்டால் இளகிக் காகிதக்கூழாகும். அதை உருவாக்குவதற்காகவே அவள் கல்யாணத்தைக்கூடத் தள்ளிப் போட்டிருந்தாள். ஈரோட்டு ஆலைக்காரர் ஒருவர் அதை விலைக்குக் கேட்டு வந்தபோது முதலாளி தம்பிதுரை தரமாட்டேன் என்றுவிட்டார். மகன் அருண்குமாருக்கு அதில் மனத்தாங்கல்.

சிங்காநல்லூர்ப் பட்டறையின் அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. ஒரே கதவு, ஒரே பூட்டு. சாவி வாட்ச்மேன் திருமலைசாமியிடம் இருக்கும். காலையில் அதை வாங்கி வந்தவள், சாவி நுழையாமல், துவாரத்தைக் கொண்டை ஊசியால் குடைந்த பிறகுதான் திறக்க முடிந்தது.

“ராத்திரி யாருக்குய்யா தொறந்து உட்டே?” என்று திருமலைசாமியைக் கேட்டார் புகாருக்கு வந்த இன்ஸ்பெக்டர்.

“ஆருக்கும் இல்லீங்க. ஆயுத பூசைக்குப் பூட்டுனதை எவனுங்க தொடுவான்?”

“அப்ப புட்டிக்குக் கால் மொளச்சுப் போச்சாக்கும்?”

திருமலைசாமி தலைத்துண்டை அவிழ்த்தார்.

வெங்கடலட்சுமி குறுக்கிட்டாள். “பூசை முடிஞ்சு கடைசியா வெளிய வந்தது யாருங்க?”

“நான்தான்,” என்றான் அருண்குமார். “பூட்டிச் சாவியை இவர்கிட்டக் குடுத்துப்போட்டேன்.”

“பூட்டுக்குப் பொட்டு வெச்சது?”

“அதும் நான்தான். ஏனுங்க?”

“அந்தச் சந்தனம் சாவித் துவாரத்தை அடைச்சுக் காஞ்சு கெடந்துதுங்க. ராத்திரி யாராச்சும் சாவி போட்டிருந்தா உதிர்ந்திருக்கும். பொட்டு வெச்சதுக்கப்புறம் இந்தப் பூட்டு தொறக்கவே இல்லீங்க. பூசை முடிஞ்சு நான் கெளம்பறப்ப எல்லாம் பெட்டியில இருந்துது; நீங்க பூட்டறப்பவே பெட்டி காலி. எடுத்தது நீங்கதானுங்க.”

அருண்குமார் பின்னால் நின்ற அப்பாவைப் பார்த்தான்.

“சந்தனம் எங்கீங்க அம்மணி?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“நோண்டி ஊதிப்போட்டேனுங்க.” ஊசியின் மஞ்சள் நுனியைக் காட்டினாள்.

“அது பூசையில ஒட்டியிருக்கும்.” திருமலைசாமியை ஜீப்பில் ஏற்றச் சொல்லிவிட்டு, அவர் டீ குடிக்கப் போனார்.

இருந்த ஒரே சாட்சியத்தையும் தன் மூச்சாலேயே ஊதித் தள்ளியிருக்கிறாள். யாரிடம் போய் அழ?

தம்பிதுரை பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். “கண்ணு, எனக்கு ஒரே பையன். நீ வாரப்பவே பூட்டு தொறந்து கெடந்துதுன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடு, வெளியாள் எவனோ திருடிட்டான்னு ஆயிரும். திருமலைசாமியை நானே வெளிய கொண்டாந்தர்றேன். உன்ற தாய்வித்தும் சாயங்காலத்துக்குள்ள வந்துரும்.”

சாயங்காலத்துக்குள். குழாய்க்குள் வெண்ணூலாய்ப் படரும் அந்த உயிர் அவள் கண்முன் வந்து நின்றது. வெளியே ஜீப்பின் கதவு சாத்தப்பட்டது.

ஊசியைக் கொண்டையில் செருகிக்கொண்டாள்.

“பூட்டித்தானுங்க இருந்துது.”