வெள்ளைப் புள்ளிக்கு இரண்டு சாட்சி

தொலைநோக்கியின் மேல் போர்த்தியிருந்த கோணி, மொட்டைமாடித் தரையில் நாலாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. எல்லப்பன் இப்போதுதான் மேலே ஏறி வந்தான். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும், கோணி எம்மாத்திரம்? ஆனால் காற்று மடித்து வைக்காது. அந்த யோசனைகூட அவனை உறுத்தவில்லை. கூட்டாளி கங்கப்பன் செத்ததிலிருந்து பன்னிரண்டு நாளாக அவனுக்கு எல்லாமே மரத்துத்தான் கிடந்தது.

இருவரும் ஓசூர் மாட்டுப் பண்ணையில் குமாஸ்தாக்கள். பெங்களூர் ராணுவத் தண்டுப் பகுதியில் ஒரு பழைய சாமான் கடையில் கூட்டாக வாங்கிய தொலைநோக்கி அது. ஊரே சனியைக் கண்டு ஒதுங்க, இவர்கள் வலியப் போய்ப் பார்த்தார்கள். ஒருவன் கண் வைப்பான். மற்றவன் பின்னால் கடிகாரத்தோடு நிற்பான். சனியின் முகத்தில் புயல் கிளப்பிய புள்ளி ஏதாவது நடுவே வந்ததும் பார்ப்பவன் 'இப்போ' என்பான், நிற்பவன் மணி சொல்வான். பிறகு இடம் மாறுவார்கள்.

பன்னிரண்டு நாள் முன்பு, அந்த ராத்திரி, கங்கப்பன் படியில் நின்று கூப்பிட்டும் எல்லப்பன் தூக்கம் கலைந்து எழவில்லை. தனியாக ஒரு வெள்ளைப் புள்ளியைக் கண்டு குறித்துவிட்டு, வீடு திரும்பும் வழியில் பாம்பு கடித்துக் கங்கப்பன் போய்விட்டான். ஒருவர் மட்டும் கண்டதை ஏற்க முடியாது என்று பெங்களூர் வானியல் சங்கம் எழுதியிருந்தது. புள்ளி கலைவதற்குள் இன்னொருவர் பார்க்க வேண்டும். இல்லையென்றால் கங்கப்பன் கண்டது வெறும் கண்மயக்கம்.

ஸ்டூலில் உட்கார்ந்து கண் வைத்தான். ஈரச் சாணி வாடையும் தீவன வாடையும் காற்றோடு ஏறி வந்தன. தொலைவில் ஒரு லாரி மூச்சு வாங்கி மேடேறியது. வளையத்துக்குள் மஞ்சள் உருண்டை. அதில் பால் சொட்டு மாதிரி ஒரு வெள்ளை. சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது, முடியவில்லை. புள்ளி ஊர்ந்து ஊர்ந்து நடுவுக்கு வந்தது.

"இப்போ," என்றான், பழக்கத்தில்.

"ஒம்பது பதினேழு."

எழுதிக்கொண்டான். கை எழுதி முடித்த பிறகுதான் மனசு வந்து சேர்ந்தது. கடிகாரம் அவன் சட்டைப்பையில் இருந்தது.

காற்று நின்றுபோயிருந்தது.

"பாத்துட்டியா?"

"பாத்துட்டேன்."

"அப்போ தள்ளிக்கோ எல்லப்பா. என் முறை."

எழுந்து தள்ளிக்கொண்டான். திரும்பினான். யாருமில்லை. ஸ்டூல் காலி. பன்னிரண்டு நாளில் முதல்முறையாக அவனுக்குப் பயம் வந்தது.

அந்தத் தொலைநோக்கிக்கு யந்திரம் கிடையாது. பார்ப்பவன் கையால் தள்ளிக்கொண்டே இருந்தால்தான் சனி கண்ணுக்குள் நிற்கும்.

காலி ஸ்டூலுக்கு முன்னால் பித்தளைக் குழாய், மயிரிழை மயிரிழையாக, மேற்கே திரும்பிக்கொண்டிருந்தது.