அடக்கிய மூச்சு

காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. ஆனாலும் அவளுக்கு வயிறு நிறைந்திருந்தது, விருந்துக்குப் போய் வந்தவளைப் போல. மருந்து ஏற்றுவதற்காகக் கையில் நரம்பு தேடிய நர்ஸ், ஏதாவது சாப்பிட்டீர்களா என்று இரண்டு தரம் கேட்டபோதும் இல்லை என்றுதான் சொன்னாள். அது பொய்யும் இல்லை. வேறெதையாவது சொல்லிவைத்தால் ஸ்கேனை இன்னொரு நாளைக்குத் தள்ளிவிடுவார்கள். போன வருடம் வயிற்றிலிருந்து வெட்டி எடுத்த கட்டியில் மிச்சம் மீதி ஏதும் இல்லை என்று இன்றைக்கே தெரிந்தாக வேண்டும் அவளுக்கு.

வளையலையும் தோட்டையும் கழற்றி வாங்கிக்கொண்ட, துணைக்கு வந்திருந்த அக்கா, "இதையெல்லாம் எனக்கே எழுதிக் குடுத்துடேன்டி" என்று சிரிக்கவைக்கப் பார்த்தாள். இவளும் சிரித்தாள். வயிற்றுக்குள் ஏதோ புரண்டு படுத்தது. வாயு என்று நினைத்துக்கொண்டாள்.

அறை சில்லென்று, ஸ்பிரிட்டும் பிளாஸ்டிக்கும் கலந்த வாடையோடு இருந்தது. டெக்னீஷியன் அவளைக் குறுகலான மேசையில் படுக்கவைத்து, கைகளைத் தலைக்கு மேல் தூக்கி வைத்தான். மருந்து ஏறும்போது உடம்பெல்லாம் சூடாகும், ஒன்றுக்குப் போய்விட்ட மாதிரிகூட இருக்கும், பதற வேண்டாம் என்றான். அவன் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் போனதும் கனத்த கதவு மூடியது. மேசை நகர்ந்து அவளை அந்தப் பெரிய வளையத்துக்குள் கொண்டுபோக, அதன் சுவருக்குள் எதுவோ உறுமியபடி சுற்றிச் சுற்றி வேகமெடுக்க, சூடு தொண்டையில் தொடங்கி மார்பு, இடுப்பு, தொடை என்று பரவியது. வயிற்றை மட்டும் தொடவில்லை.

பதிவு செய்த பெண்குரல் மூச்சை இழுத்து அடக்கச் சொன்னது. அடக்கினாள்.

ஒலிபெருக்கி கரகரத்தது. "மேடம், மூச்சை அடக்குங்க. படம் அசையுது."

மறுபடியும் குரல். பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கினாள்.

"வயிறு ஏறி இறங்குது பாருங்க, மேடம்."

"அடக்கிட்டுதான் தம்பி இருக்கேன்."

கண்ணாடிக்குப் பின்னால் அவன் திரையை நோக்கிக் குனிந்தான். யாரையோ கூப்பிட்டான். இன்னொரு தலை வந்து குனிந்தது. இருவரும் நிமிரவில்லை.

மூன்றாம் தரம் அடக்கினாள். தலையை மட்டும் தூக்கிப் பார்த்தாள்.

மார்பு அசையவில்லை. அதற்குக் கீழே, துணிக்கு அடியில், வயிறு ஏறியது. இறங்கியது. நிதானமாக. தூங்குகிறவர்களின் மூச்சு.

மூச்சு விடலாம் என்றது குரல். விட்டாள்.

திரும்ப இழுத்தாள். வரவில்லை.

வாய் மட்டும் தானாக அகலத் திறந்தது. காற்று உள்ளே போனது. மார்பு தட்டையாகவே கிடந்தது. வயிறு உப்பியது. மேலும் உப்பியது.