இதோ வரேன்மா

திரையில் மருமகள் வாயைத் திறந்து அழுதாள். கேட்டதோ அவனுடைய தும்மல்.

முதல் நாள் பதிவைப் பின்னால் ஓட்டி மறுபடியும் போட்டுப் பார்த்தான். சீரியலின் மாமியார் ஆவேசமாகக் கையை நீட்டினாள். கழிவறைத் தண்ணீர் சளசளவென்று இறங்கியது. வேறொரு நாளாக இருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பான்.

லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஒரு வயர் விவகாரம் புரிய எவ்வளவு நேரம் ஆகும்? செட்டாப் பாக்ஸிலிருந்து படத்துக்கு ஒன்று, சத்தத்துக்கு ஒன்று என்று கம்ப்யூட்டரில் ஒழுங்காகத்தான் செருகியிருந்தான். ஆனால் ரெக்கார்டு செய்யும்போது சத்தத்தை எங்கிருந்து எடுக்க வேண்டும் என்று கேட்ட இடத்தில் 'மைக்' என்றே விட்டுவிட்டான். அக்காவுடன் வீடியோவில் பேசத் திரையின் உச்சியில் மாட்டிய மைக் அது. படம் டிவியிலிருந்தும் சத்தம் இந்த ஹாலிலிருந்தும் பதிவாகியிருக்கின்றன.

அப்படியென்றால் அன்றைக்கும்?

அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்த பிறகு, தினமும் மூன்றரைக்கு நடைப்பயிற்சி கொடுக்க ஒரு பெண் வருவாள். சீரியலும் அதே மூன்றரைக்குத்தான். "ஊர்ல இருக்கறவங்களையெல்லாம் மேல ஏத்தி எறக்குற, எனக்கு ஒரு நாடகத்தப் புடிச்சு வைக்க முடியாதா மெக்கானிக்கு?" என்றாள் அம்மா. அதற்காகத்தான் பழைய கம்ப்யூட்டரில் டிவி கார்டைப் பொருத்தி, மூன்றரைக்குத் தானாகவே பதியும்படி டைமர் வைத்தான். முதல் நாள் பதிவைப் பார்க்காமலே அம்மா களைப்பில் தூங்கிப்போனாள். இரண்டாம் நாள் விழுந்தாள். அதன் பிறகு எழவே இல்லை.

"நான் வேலைல இருந்தேன்க்கா. வந்து பாத்தா கீழ கெடந்தாங்க," என்று அக்காவிடம் வாய் கூசாமல் சொன்னான். அவள் அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். நீ என்னடா பண்ணுவ, பாவம், என்றாள்.

இன்று காலை அவளே போனில் கூப்பிட்டாள். "அம்மாவுக்காக ரெக்கார்டு பண்ணியே, அத அழிச்சுடாதடா. நாலு மணிக்கு வந்துடுவேன், சேந்து பாக்கலாம்."

ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு இரண்டாம் நாள் பதிவைத் திறந்தான்.

மின்விசிறி ஓடும் சத்தம். அவன் நாற்காலி கிறீச்சிடும் சத்தம். உள்ளறையிலிருந்து அம்மா: "இன்னைக்கு அந்தப் பொண்ணு வரலடா. சீரியல் ஆரம்பிச்சிருக்கும். என்னை ஹாலுக்குக் கூட்டிட்டுப் போ."

"இதோ வரேன்மா. அதான் ரெக்கார்டு ஆகுதுல்ல."

அவனுடைய குரல்தான். சலிப்பு அப்படியே பதிந்திருந்தது. அடுத்து ஒரு சின்ன 'டக்'. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்ட சத்தம். முந்தின நாள்போல அன்றும் அவனுக்கு விடுமுறை; பாட்டுக் கேட்டபடி கம்ப்யூட்டரில் சீட்டு ஆடிக்கொண்டிருந்தான். முதல் இரண்டு கூப்பாடுகள் காதில் விழத்தான் செய்தன. அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எத்தனை முறை கூப்பிட்டாள் என்பது இப்போதுதான் தெரிந்தது. ஏழு.

ஏழாவதுக்குப் பிறகு அம்மா, கோபமே இல்லாமல், "சரி, நானே வரேன்," என்றாள்.

அம்மா பிடித்து நடக்கும் வாக்கரின் நான்கு கால்களில் ஒன்றுக்கு அடி ரப்பர் தேய்ந்து கழன்றுபோயிருந்தது. நாளைக்கு மாத்தறேன்மா, நாளைக்கு மாத்தறேன்மா என்று ஒரு மாதம் ஓட்டியிருந்தான். தொப், தொப், தொப், டிங். தொப், தொப், தொப், டிங். அப்புறம் இரும்பு சறுக்கும் சத்தம். அதன் பிறகு வெகு நேரம் மின்விசிறி மட்டும்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அழிக்கும் பட்டனுக்குப் போனான். அம்மாவின் கடைசிக் குரலாயிற்றே, எப்படி அழிப்பது? அழிக்காவிட்டால் அக்காவின் முகத்தில் எப்படி விழிப்பது? அப்போதுதான் கீழே பார்த்தான். பட்டியல் அங்கே முடியவில்லை. டைமரை நிறுத்த மறந்திருந்தான். தினமும் மூன்றரைக்கு ஒன்றாக, இன்னும் பதினோரு பதிவுகள்.

அந்த நேரங்களில் வீட்டில் யாருமே இல்லை. காரியமெல்லாம் அக்கா வீட்டில் நடந்தது; அது முடிந்ததும் அவன் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போயிருந்தான்.

முதலாவதைத் திறந்தான். மின்விசிறிகூட ஓடாத வீட்டின் அமைதி, தெருவில் போகும் ஏதோ வண்டியின் உறுமல், குழாயிலிருந்து எப்போதோ ஒரு சொட்டு. எங்கோ தொலைவில், உள்ளறையின் கட்டிலோரமாக, ஒரே ஒரு முறை.

தொப், தொப், தொப், டிங்.

வாக்கரை அந்தப் பயிற்சிப் பெண்ணிடமே கொடுத்தனுப்பிவிட்டான். அது இந்த வீட்டிலேயே இல்லை.

மூன்றாவது பதிவில் சத்தம் அலமாரிப் பக்கம். ஆறாவதில் அறை வாசல். ஒன்பதாவதில் ஹாலுக்கு வரும் வழி. ஒரு நாளைக்கு ஓர் அடி, இரண்டு அடி. அம்மாவின் நடை அவ்வளவுதான். அந்தப் பெண் சொல்லிக் கொடுத்தபடி, ஓர் அடி வைத்து, மூச்சு வாங்கி, மறுபடி ஓர் அடி.

நேற்றைய பதிவில் நடையே இல்லை. மூச்சு மட்டும். மைக்குக்கு மிக அருகில். இந்த நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்ப்பவளின் மூச்சு. அவள் முதுகுக்குத் தடவும் தைலத்தின் காரமான வாசனை இப்போது ஹாலில் இருந்தது. எப்போதிருந்து வருகிறது என்று அவனுக்குத் தெரியவில்லை.

மணி பார்த்தான். மூன்றரை.

சிவப்பு விளக்கு எரிந்தது. திரையில் சீரியலின் முகப்புப் படம். அதன் கீழே, சத்தத்தை அளந்து காட்டும் பச்சைக் கோடு.

ஹால் அமைதியாக இருந்தது.

கோடு அசைந்தது. மூன்று சின்னது. ஒன்று பெரியது.

எழுந்து ஓடலாம். ஓட வேண்டுமானால் திரும்ப வேண்டும். மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. அந்த ஒட்டிய நாக்கிலிருந்து, பழக்கத்தில், அது தானாகவே வந்தது.

"இதோ வரேன்மா."

கோடு உச்சிக்கு ஏறியது. ஹெட்ஃபோனுக்குள், கோபமே இல்லாமல்:

"நீ எழுந்துக்காதடா. நானே வந்துட்டேன்."

அவன் ஹெட்ஃபோனோடு இருக்கும்போது அம்மா கத்த மாட்டாள். பின்னால் வந்து, இடது பக்க மூடியை இரண்டு விரலால் தூக்கி, காதுக்குள் பேசுவாள். எப்போதும் அப்படித்தான்.

அவனுடைய இரண்டு கைகளும் மேசைமேல் இருந்தன.

இடது காதின் மூடி மெல்ல மேலே எழுந்தது.