பதில் வந்தால் போதும்

அம்மா கேட்பதற்கு முன்பே பதில் வந்துவிட்டது.

"இருக்கேம்மா" என்று ஹாலில் எவாஞ்சலினின் குரல் சொன்னது. அதற்குப் பிறகுதான் உள் அறையிலிருந்து டெய்சியம்மாள், "எவா, இருக்கியா?" என்று கேட்டாள். பின் அறையில் லேப்டாப் முன்னால் இருந்த எவாஞ்சலின் கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள். அவள் வாயைத் திறக்கவில்லை. திறக்க வேண்டியதும் இல்லை, அதற்குத்தான் ஹால் ஸ்டூலில் பழைய போன் இருந்தது. ஆனால் கேள்வி வந்த பிறகுதானே அது பேச வேண்டும்?

அவளே செய்து வைத்த ஏற்பாடு அது. கொஞ்சம் கேவலமான ஏற்பாடுதான். டெய்சியம்மாளுக்கு ஒரு கண் போய் ஆறு வருஷமாகிறது. மிச்சமிருந்த கண்ணில் போன வாரம் ஆபரேஷன். பத்து நாள் குப்புறப் படுக்க வேண்டும், கட்டைப் பிரிக்கக் கூடாது, எழுந்து உட்கார்ந்தால் இருக்கிற பார்வையும் போய்விடும் என்று டாக்டர் இரண்டு முறை சொல்லி அனுப்பினார். அப்பா தைரியநாதன் மைன்ஸில் செகண்ட் ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டால் குவார்ட்டர்ஸில் அம்மாவுக்கு எவாதான் காவல். இருட்டில் கிடப்பவளுக்கு ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை பயம் வரும், கூப்பிடுவாள். பதில் இல்லையென்றால் எழுந்துவிடுவாள்.

அன்றைக்கென்று பார்த்து டெஸ்ட். சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு எவா வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள், கான்ட்ராக்ட்தான். கிளவுடில், அதாவது எங்கோ இருக்கிற சர்வர்களில், காவலுக்கு நிற்கிற ஃபயர்வால் புரோகிராம் மேல் பொய்யான டிராஃபிக் கூட்டத்தை ஏவி, எவ்வளவு தாங்குகிறது என்று பார்க்க வேண்டும். ஒன்று திணறினால் அச்சு அசலாக இன்னொன்று தானாக முளைக்கும். கூட்டம் குறைந்தால் உபரியானது தானாக அழியும். ஐந்து மணிக்குள் ரிப்போர்ட் போனால் அவள் பெர்மனன்ட். அந்தச் சொல்லுக்கு டவுன்ஷிப்பில் இருக்கிற மரியாதை சாமிக்குக்கூடக் கிடையாது.

முளைத்தவை உயிரோடு இருக்கின்றனவா என்று சிஸ்டம் பத்து வினாடிக்கு ஒரு முறை விசாரிக்கும். பதில் வந்தால் போதும், ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்காது. அம்மாவுக்கும் அவ்வளவுதானே வேண்டும் என்று எரிச்சலில் எவாவுக்குத் தோன்றியது. தன் குரலைப் பதிந்து, சத்தம் கேட்டால் பேசும்படி போனைத் தயார் செய்து வைத்தாள். சனியன், இரண்டு மணி நேரமாவது நிம்மதி.

நிம்மதி ஒரு மணி நேரம் இருந்தது. மூணரை மணி வெயிலில் பலா மரத்து நிழல் ஜன்னல் கம்பிகளோடு தரையில் ஆடிக்கொண்டிருக்க, கண் மருந்தின் காரமான நெடியும், வெளியிலிருந்து நாள் முழுக்க வந்துகொண்டே இருக்கும் கரித்தூளின் ஈர வாடையும் கலந்த அந்தக் காற்றில், ஃபேன் சத்தத்துக்கு அடியில், அடுப்படியிலிருந்தும் ஒரு குரல் வந்தது.

"இருக்கேம்மா."

எவா லேப்டாப்பை அப்படியே விட்டாள். எழுந்து ஹாலுக்குப் போனாள். ஸ்டூலில் போன் கறுத்துக் கிடந்தது. சார்ஜ் எப்போதோ தீர்ந்திருக்கிறது, எடுத்துப் பார்த்தால் ஜில்லென்று இருந்தது. அம்மா தண்ணீர் கேட்டாள். உள் அறையில் டம்ளர் வைக்கிற சத்தம் கேட்டது. அம்மா சிரித்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு எவாவிடம் அவள் ஒரு தடவைகூடச் சிரித்ததில்லை.

"இன்னிக்கிதான் எவா நீ வாய் நெறைய பேசுற."

எவா லேப்டாப்புக்கு ஓடினாள். திரையில் நான்கு ஃபயர்வால் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்பது. கூட்டத்தை அவள் ஏற்றவே இல்லை. பத்து. டெஸ்டை நிறுத்தினாள். எல்லாம் நின்றுவிடும் என்று நினைத்தாள், பாவம். கூட்டம் பூஜ்யத்துக்கு வந்ததும் சிஸ்டம் உபரியை அழிக்கத் தொடங்கியது. பழசைத்தான் முதலில் அழிக்கும், அப்படித்தான் எழுதியிருந்தது. காலையில் அவள் தன் கையால் நிறுவிய முதல் ஃபயர்வால் பட்டியலிலிருந்து போனது. கடைசியில் முளைத்த நான்கு மட்டும் மிஞ்சின.

"அம்மா" என்று கத்தினாள்.

சத்தம் வரவில்லை. மறுபடி கத்தினாள். தொண்டை அசைந்தது, அவ்வளவுதான்.

உள் அறை வாசல்படி வரை போக முடிந்தது. அதற்கு மேல் கால் வரவில்லை. கட்டிலைச் சுற்றி நான்கு பேர். நான்கு பேருக்கும் அவளுடைய நீல நைட்டி. அவளுடைய பின்னல். முதுகுகள்.

"குப்புறப் படுத்துகினு மூச்சு முட்டுது எவா. கொஞ்சம் ஒக்காரட்டுமா?"

வேண்டாம்மா. ஐயோ, வேண்டாம்.

"உட்காரும்மா" என்றார்கள்.

டெய்சியம்மாள் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"கட்டு அரிக்குது. பிரிச்சிடட்டுமா?"

"பிரிச்சிக்கோம்மா."

பஞ்சு மடியில் விழுந்தது. கண் திறந்தது. சுற்றியிருந்த நால்வரையும் விட்டுவிட்டு நேராக வாசல்படியைப் பார்த்தது. எவா இரண்டு கையையும் ஆட்டினாள். வாயைத் திறந்து திறந்து மூடினாள்.

"யாரு எவா, அங்க நிக்கிறது? அழுவுறாப்பல இருக்கு."

"யாருமில்லம்மா."

சரி என்று அம்மா தலையாட்டினாள். நம்பினாள். சிரித்த முகத்தோடு அப்படியே பார்த்துக்கொண்டிருக்க, திறந்த கண்ணுக்குள் ஒரு சிவப்பு மெல்லப் பரவி, நிரம்பி, கன்னத்தில் இறங்கியது. நான்கு கைகள் ஒரே நேரத்தில் நீண்டு அதைத் துடைத்துவிட்டன. துடைக்கத் துடைக்க வந்தது. நான்கு விரலிலும் எவாவின் மோதிரம்.