உலைக்கு வைத்த பொட்டு

எங்கள் ஊர் சிநேகா ஆறாம் வகுப்பு படிக்கிறாள். அவள் ஒரு கைக்குட்டையை வைத்து ஓர் எஃகு ஆலையைக் காப்பாற்றினாள். ஆலை மட்டுமா? நூறு லாரி இரும்பு, டெல்லியிலிருந்து வந்த ஓர் அதிகாரி, அவருடைய கார், எல்லாவற்றையும் அதே கைக்குட்டைதான் காப்பாற்றியது. பெரிய கைக்குட்டை என்று நினைக்காதீர்கள். உள்ளங்கை அகலம். ஓரத்தில் ஒரு வாத்து.

திருப்போரூர் பேருந்து நிலையத்தில் நான் இதைச் சொன்னபோது, பள்ளிப் பேருந்துக்குக் காத்திருந்த பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிநேகாவின் வகுப்புத் தோழன் அத்வைத், "சும்மா அள்ளி விடாதீங்க தாத்தா" என்றான். இத்தனைக்கும் அவன் அன்று என் பக்கத்திலேயே இருந்தவன்! சூரியன் கிழக்கே உதிக்கிறது என்றால்கூட "யார் பார்த்தா?" என்று கேட்கிற பையன்.

சரி, நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். உப்பும் காரமும் மட்டும் கொஞ்சம் சேர்த்துக்கொள்கிறேன்.

திருப்போரூரிலிருந்து செங்கல்பட்டு போகும் சாலையில் இருக்கிறது அந்த ஆலை. இரும்புக் கட்டைகளைச் சிவக்கச் சூடாக்கி, உருளைகளுக்கு நடுவே விட்டு இழுத்தால், வீடு கட்டும் கம்பி வரும். என் தலைமுடி கறுப்பாக இருந்த காலம் முழுவதும் நான் அங்கேதான் வேலை பார்த்தேன். முடியே கறுப்பா, கரி ஒட்டியிருந்ததா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம். அப்போது நிலக்கரி உலை. அது விட்ட புகையில் கொக்கெல்லாம் காக்கையாகிவிடும். காக்கைகள் அவற்றைச் சொந்தக்காரர்கள் என்று நினைத்துக் கூப்பிட்டு உபசரிக்கும்.

இப்போது அந்த உலை மூலையில் தூங்குகிறது. அதன் இடத்தில் மின்சாரத்தில் ஓடும் புது உலை வந்துவிட்டது. எனக்கு வேலையிலிருந்து ஓய்வு கிடைத்தது. என் டீக்கு ஓய்வில்லை. தினமும் ஆலை கேன்டீனுக்குப் போய்விடுவேன். கேன்டீனை நடத்துபவர் சாராள், சிநேகாவின் அம்மா.

காலாண்டு விடுமுறை என்பதால் சிநேகாவும் அங்கேதான் இருந்தாள். அத்வைத்தும் இருந்தான். ஆலையின் என்ஜினீயர் வத்சலா அவனுடைய அம்மா.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் வத்சலா டீ குடிக்க வந்தார். முகத்தில் கவலை.

"நாளன்னிக்கு மறுநாள் டெல்லி அதிகாரி வர்றார், சாராள். ஒரு டன் கம்பிக்கு எவ்வளவு கரண்ட் செலவாறதுன்னு அளக்கப் போறார்."

"எதுக்கு ஆன்ட்டி அளக்கணும்? நம்ம உலைதான் பொகையே வுடறதில்லையே?" என்று கேட்டாள் சிநேகா.

"இங்க விடல. நம்ம கூரையில இருக்கற சூரியத் தகடு கொஞ்சம் கரண்ட் கொடுக்கறது. மீதி வெளியில இருந்து வருது. அங்க எங்கேயோ நிலக்கரி எரியறது. நாம அதிகமா குடிச்சா, அங்க அதிகமா புகையும். அதனாலதான் அரசாங்கம் ஒரு கோடு போட்டிருக்கு. கோட்டுக்குக் கீழ இருந்தா, உலை வாங்கின செலவுல ஒரு பங்கு தருவாங்க. பள்ளிக்கூடம், பாலம் கட்ட நம்ம கம்பியை முதல்ல வாங்குவாங்க."

"கோட்டத் தாண்டிட்டா?"

"உதவி கிடையாது. பெரிய ஆலைங்களோட விலையில நாம போட்டி போட முடியாது. பழைய உலையைத் திரும்பப் பத்த வைக்கணும். இல்லேன்னா ஆலையை மூடணும்."

சாராள் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார். ஆலை மூடினால் கேன்டீன் ஏது? சிநேகா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு மூலையில் தூங்கும் பழைய உலையைப் பார்த்தாள். அது ஒரு கண்ணைத் திறந்து சிரித்ததாக எனக்குத் தோன்றியது.

மறுநாள் ஆயுத பூஜை. எங்கள் ஆலையில் பொட்டு வைக்கும் உரிமை வாசல் காவலர் அருணகிரிக்கு மட்டும்தான். சந்தனக் கிண்ணத்தை எடுத்துவிட்டால் மனிதர் எதையும் விட்டுவைக்க மாட்டார். சுத்தியல், தள்ளுவண்டி, எடைமேடை, சாராளின் தோசைக்கல் என்று வரிசையாக வந்து, கடைசியில் என் வழுக்கைத் தலைக்கும் ஒன்று வைத்தார்.

புது உலைக்கு அது முதல் பூஜை. அருணகிரி அதன் மேல் படிகளில் ஏறி, உள்ளங்கை அளவுக்குச் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்தார்.

"எப்டி கீது? புதுப் பொண்ணு மாதிரி இல்ல?" என்று மேலிருந்து கேட்டார்.

எல்லோரும் கைதட்டினோம். பொரியும் சுண்டலும் தின்றோம். நான் ஒரு மூட்டை பொரி தின்றேன். அத்வைத் அரைக் கிண்ணம் என்பான். நம்பாதீர்கள்.

விஜயதசமியும் விடுமுறையாகப் போனது. அடுத்த நாள் காலையில் அதிகாரியின் கார் வந்தது. பின்பக்கமாக நிறுத்தப் போன கார் 'பீப் பீப் பீப்' என்று அலறியது. பின்னால் ஓர் ஈ கூட இல்லை.

"இன்னாப்பா, வண்டிக்கு இன்னா ஆச்சு?" என்று கேட்டார் அருணகிரி.

"பேஜாரு அண்ணாத்த! பூஜை போட்டதுல இருந்து ரிவர்ஸ் எடுத்தாலே கத்திகினு கீது. மாமல்லபுரம் ஓட்டல்ல ஊரே முழிச்சிகிச்சு" என்றார் டிரைவர்.

அதிகாரியின் பெயர் ஸ்ரீனிவாசராகவன். நிறைய சிரிக்கிறவர் இல்லை. நேராகக் கட்டுப்பாட்டு அறைக்குப் போய் உட்கார்ந்தார். அளவை தொடங்கியது.

கேன்டீன் ஜன்னலிலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் உலை தெரியும். இன்னொரு பக்கம் கட்டுப்பாட்டு அறையின் பெரிய திரை தெரியும். திரையில் ஒரு பச்சைக் கோடு. ஆலை குடிக்கும் கரண்ட்டைக் காட்டும் நீலக் கோடு அதற்குக் கீழேயே இருக்க வேண்டும்.

நீலக் கோடு ஏறியது. இன்னும் ஏறியது. பச்சையைத் தாண்டியது.

வத்சலா எழுந்து நின்றுவிட்டார்.

"அத்வைத், அங்க பாரேன்" என்றாள் சிநேகா. "இரும்பு தினமும் ஆரஞ்சு மிட்டாய் கலர்ல வரும். இன்னிக்கு எலுமிச்சம்பழம் கணக்கா வெளுத்து வருது."

அவள் சொன்னது சரிதான். அந்த வெளிச்சத்தைப் பார்த்து மாமல்லபுரம் கலங்கரை விளக்கமே வெட்கப்பட்டு விளக்கை அணைத்துக்கொண்டது.

"திரையில சூடு இன்னும் கம்மியாத்தானே காட்டுது? மெஷின் பொய் சொல்லாது" என்றான் அத்வைத்.

இவ்வளவு நாள் உலையில் வெந்தவன் நான் ஏன் இதைக் கவனிக்கவில்லை என்று கேட்பீர்கள். என் மூக்குக் கண்ணாடி முழுக்க டீயின் ஆவி. உலகமே மங்கல். அந்த மங்கலில் நான் என் டம்ளரில் டீ ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"அண்ணே! டம்ளரு ரொம்பி, மேசை ரொம்பி, டீ தரையில ஓடிகினு கீது!" என்று கத்தினார் சாராள்.

"ரொம்பினது தெரியலம்மா. தெரியலன்னா ஊத்திகினுதானே இருப்பேன்?"

சிநேகா துடைக்கும் துணியோடு ஓடி வந்தவள், பாதியில் நின்றுவிட்டாள்.

"தாத்தா, இன்னா சொன்னீங்க?"

"தெரியலன்னா ஊத்திகினு இருப்பேன்னு சொன்னேன். ஏன், தப்பா?"

அவள் அத்வைத்தின் பக்கம் திரும்பினாள். "உலை எதை வச்சு சூட்டைப் பாக்குது?"

"மேல ஒரு சென்சார் இருக்கு. வட்டமான கண்ணாடி. இரும்பு போதுமான அளவு சூடாயிடுச்சுன்னா அதுதான் சொல்லும். உடனே உலை கரண்ட்டைக் குறைச்சுக்கும். அதோ..." என்று கையை நீட்டிய அத்வைத் அப்படியே நின்றான்.

கண்ணாடியைக் காணோம். அந்த இடத்தில் காய்ந்த சந்தனமும் நடுவில் குங்குமமும் பளிச்சென்று இருந்தன. ஆலை முழுக்கப் பொட்டு இருந்ததால், அந்த ஒரு பொட்டு யார் கண்ணிலும் படவில்லை.

"உலைக்குக் கண்ணு தெரியல! அதான் இரும்பு இன்னும் சூடாவலன்னு நெனச்சுகினு கரண்ட்ட ஊத்திகினே கீது!" என்றாள் சிநேகா.

"ஏய், அவ்ளோ பெரிய உலை. ஒரு பொட்டால கெட்டுப்போகுமா? சான்ஸே இல்ல" என்றான் அத்வைத்.

சிநேகா வாசலுக்கு ஓடினாள். 'பொட்டு!' என்று கத்துவதற்கு வாயைத் திறந்தாள்.

வெளியே அருணகிரி நின்றிருந்தார். அதிகாரி வருகிறார் என்று இஸ்திரி போட்ட சீருடை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, போகிற வருகிற காற்றுக்கெல்லாம் சல்யூட் வைத்துக்கொண்டிருந்தார். இப்போது கத்தினால் என்ன ஆகும்? 'ஆலையைக் கெடுத்தது அருணகிரி' என்று ஆளாளுக்குச் சொல்வார்கள்.

சிநேகா வாயை மூடிக்கொண்டாள்.

உலைப் பக்கம் பிள்ளைகள் போகக் கூடாது. தரையில் மஞ்சள் கோடு போட்டிருக்கும். அவள் கோட்டின் இந்தப் பக்கமே நின்று, வாத்துக் கைக்குட்டையைத் தலைக்கு மேலே சுழற்றினாள். அவள் வீசிய வீச்சில் ஆலைக்குள் காற்று மாறியது என்றே சொல்லலாம். வத்சலா பார்த்துவிட்டு வந்தார். சிநேகா அவர் காதில் ஏதோ சொன்னாள்.

வத்சலா மேலே பார்த்தார். நெற்றியில் அடித்துக்கொண்டார். நேராகப் போய் அதிகாரியை உலைப் பக்கம் அழைத்து வந்தார்.

"சார், சூடு பார்க்கற கண்ணாடி மறைஞ்சிருக்கு. சுத்தம் பண்ணிட்டு மறுபடி அளக்கலாமா?"

"மறு அளவைக்கு ஒரு வாய்ப்பு உண்டு. ஒன்றுதான்" என்றார் ஸ்ரீனிவாசராகவன். "எது மறைத்தது?"

வத்சலா, அதிகாரிக்குப் பின்னால் வந்து நின்ற அருணகிரியைப் பார்த்தார். விஷயம் புரிந்து அருணகிரியின் முகம் வெளுத்தது.

"உலைக்கு மேக்கப் கொஞ்சம் ஜாஸ்தியாயிடுச்சு சார்" என்றாள் சிநேகா கோட்டுக்கு இந்தப் பக்கத்திலிருந்தே.

அதிகாரி அவளைப் பார்த்தார். உலையைப் பார்த்தார். அவருடைய மீசை லேசாக ஆடியது.

"எங்கள் வீட்டு வாஷிங் மெஷினுக்கும் அப்படித்தான்" என்றார். "எந்தப் பொத்தான் எதற்கு என்று பொங்கல் வரைக்கும் தெரியாது."

உலையை நிறுத்தி ஆறவிட்டார்கள். சிநேகா அருணகிரியிடம் கைக்குட்டையை நீட்டினாள்.

"மாமா, பொட்டு நீங்கதானே வச்சீங்க? நீங்களே எடம் மாத்திடுங்க. கண்ணுக்கு மேல, நெத்தியில வச்சா இன்னும் அழகா இருக்கும்."

அருணகிரி படியேறினார். வத்சலா கூடவே நின்று சொல்லச் சொல்ல, கண்ணாடியைப் பூப்போலத் துடைத்தார். பிறகு ஒரு சாண் மேலே, வெறும் இரும்புத் தகட்டில், புதுப் பொட்டு வைத்தார்.

"இப்போ எப்டி கீது?"

"சூப்பர் மாமா!"

அளவை மறுபடியும் தொடங்கியது. நீலக் கோடு ஏறியது. சாராள் கரண்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நான் மூச்சு விடுவதை நிறுத்தினேன். அரை நாள் மூச்சே விடவில்லை! கோடு பச்சையை நெருங்கியது. அங்கேயே கொஞ்சம் யோசித்தது. பிறகு மெல்ல இறங்கி, பச்சைக்குக் கீழே படுத்துக்கொண்டது. உலையிலிருந்து இரும்பு ஆரஞ்சு மிட்டாயாக வந்தது.

அதிகாரி கடைசி லாரியில் கம்பி ஏற்றும் வரை அளந்தார். "கோட்டுக்குள் இருக்கிறது. உதவிக்குப் பரிந்துரை செய்கிறேன்" என்று சொல்லிவிட்டு, சாராளிடம் இன்னொரு டீ கேட்டார்.

சாராள் டீயோடு ஒரு தட்டு பஜ்ஜியும் வைத்தார். அத்வைத் மட்டும் முணுமுணுத்தான். "மெஷின் தானா சரியாகியிருக்கும். பொட்டெல்லாம் காரணமே இல்ல."

அதிகாரி கிளம்பினார். டிரைவர் காரைப் பின்னால் எடுத்தார். 'பீப் பீப் பீப்!'

சிநேகா காரின் பின்பக்கம் போய்க் குனிந்து பார்த்தாள். பம்பரில் வட்ட வட்டமாக நான்கு சென்சார். நான்கின் மேலும் அழகாகச் சந்தனம், குங்குமம். அவள் வாத்துக் கைக்குட்டையால் நான்கையும் துடைத்தாள்.

டிரைவர் மறுபடி காரைப் பின்னால் எடுத்தார். சத்தமே இல்லை.

ஸ்ரீனிவாசராகவன் காரிலிருந்து தலையை நீட்டி அத்வைத்தைப் பார்த்தார். அத்வைத் தரையைப் பார்த்தான். அப்போது ஆலைக்குள் இருந்த எல்லாரும் சிரித்த சிரிப்பு செங்கல்பட்டு ரயில் நிலையம் வரை கேட்டது. ரயிலே அதைக் கேட்டுவிட்டுத்தான் புறப்பட்டது.

இதையெல்லாம் நான் சொல்லி முடித்தபோது, பேருந்து நிலையத்தில் ஒரு பிள்ளையும் நம்பவில்லை. எல்லோரும் அத்வைத்தின் பக்கம் திரும்பினார்கள்.

"டேய், நீயும் அங்கதானே இருந்தே? நெசமா?"

அத்வைத் தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினான். சட்டையில் நிதானமாகத் துடைத்தான். மாட்டிக்கொண்டான்.

"நூறு லாரியெல்லாம் இல்ல. மூணுதான். தாத்தா மூச்சு விட்டுட்டுத்தான் இருந்தாரு. கலங்கரை விளக்கத்தை யாரும் அணைக்கல."

"அப்ப பொய்யா?"

அவன் பையைத் தோளில் மாட்டினான். பேருந்து வந்து நின்றது. படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பினான்.

"பொட்டைத் துடைச்சதும் கோடு இறங்கிச்சு. அது நடந்தது. நானே பார்த்தேன்."