தேவையில்லாத தசைகள்

மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்திலிருந்து நாற்காலிகளை அப்புறப்படுத்தி ஆறு வருடம் ஆகிறது. எண்பது பேர் முழங்காலை லேசாக மடக்கி, கண்ணுக்குத் தெரியாத மரத்தைக் கட்டிக்கொண்டவர்களைப் போலக் கைகளை வளைத்து நின்றார்கள். அவர்களில் வேதநாயகியும் ஒருத்தி. நின்று மூன்று மணி நேரமாகிறது. கால்வலி என்று ஒன்று இருந்ததே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

சீனர்களின் நிலைத்தவம் இது. புதிதாகப் பழகுகிறவருக்கு ஐந்து நிமிடம் நின்றாலே தொடை வெடவெடவென்று நடுங்கும். அதைப் பொறுத்துக்கொண்டு, நிற்கத் தேவையில்லாத தசைகளை ஒவ்வொன்றாகத் தளர்த்துவதுதான் முதல் பாடம். நம்மவர்களுக்கு ஏது அத்தனை பொறுமை? நிலைக்கச்சை வந்தது. இடுப்பில் கட்டிக்கொண்டால், எந்தத் தசை வீணாக இறுகிக் கிடக்கிறது என்று அதுவே கண்டுபிடித்து மெல்லிய மின்துடிப்பால் தளர்த்திவிடும்; நிற்கத் தேவையான தசையைத் தானே தாங்கிப் பிடித்துக்கொள்ளும். அலுவலகம், ரேஷன் கடை, கல்யாண வீடு, எங்கும் ஜனங்கள் சுகமாக நின்றார்கள். வேதநாயகி தூங்கும்போதுகூடக் கச்சையைக் கழற்றுவதில்லை.

தொண்டை அடைப்பதும் நெஞ்சு இறுகுவதும்கூட நிற்பதற்குத் தேவையில்லாதவைதானே. கச்சை அவற்றையும் தளர்த்தியது. யாரும் புகார் சொல்லவில்லை.

உள்ளே கூப்பிட்டார்கள். தங்கை மரகதம் பாதி உடம்பாக இளைத்துக் கட்டிலில் கிடந்தாள். இன்னும் இரண்டொரு நாள்தான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கச்சையே வேண்டாம் என்று பிடிவாதமாக இருந்துவிட்டவள் அவள். அம்மா இறந்த அன்று அக்கா ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் நின்றதைப் பார்த்துவிட்டு, ஒன்றரை வருடம் பேச்சை நிறுத்தியிருந்தாள். இப்போது அவளேதான் வரச் சொல்லி அனுப்பியிருந்தாள்.

வேதநாயகி கட்டிலருகே நின்று ரயில் தாமதத்தைப் பற்றியும் வெயிலைப் பற்றியும் சொன்னாள். மரகதம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

"நான் போயிட்டா உனக்கு எப்படிக்கா இருக்கும்?"

வேதநாயகி தனக்குள் தேடிப் பார்த்தாள். மரத்துப்போன ஈறை நாக்கால் தடவுவது போலிருந்தது. பொய் சொல்லவும் வரவில்லை.

"தெரியலடி."

"அத அவுத்துட்டுச் சொல்லு."

அவிழ்த்தாள். ஆறு வருடமாகச் சொந்தமாக நின்றறியாத கால்கள் மடங்கின. தரையில் விழுந்தாள். முதலில் முழங்கால் வலித்தது. பிறகு அம்மாவின் சாவும், தங்கையோடு பேசாமல் போன நாட்களும், வரப்போகிற இழப்பும் ஒன்றாகச் சேர்ந்து நெஞ்சை அடைத்தன. "போகாதடி, மரகதம்" என்று வாய்விட்டு அழுதாள். மரகதம் கையைக் கீழே தொங்கவிட்டு அக்காவின் தலையைத் தொட்டாள். அவளும் அழுதாள். எவ்வளவோ நாளைக்குப் பிறகு இருவருக்கும் மனசு லேசானது.

சத்தம் கேட்டு நர்ஸ் ஓடிவந்தாள். நல்ல பெண். விழுந்தவர்களைப் பார்த்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குப் பயிற்சி உண்டு. மரகதம் வேண்டாம் என்று தடுப்பதற்குள் கச்சையை எடுத்து வேதநாயகியின் இடுப்பில் பூட்டிவிட்டாள்.

"அவ்வளவுதாம்மா. இப்ப சரியாயிடும்."

சரியாயிற்று. வேதநாயகி எழுந்து நின்றாள். கன்னத்து ஈரத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். தங்கையின் கை இன்னும் கட்டிலோரம் தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்துப் போர்வைக்குள் வைத்தாள்.

"தொங்கப்போடாதடி, வீங்கிடும்" என்றாள்.