கீழ்த்தளத்தில் பன்னிரண்டு பேர்

எஞ்சினை அணைத்த பிறகும் கைப்பிடி அதிர்ந்துகொண்டிருந்தது.

பொக்லைன் டிரைவர் கையை எடுத்தார். மறுபடி வைத்துப் பார்த்தார். இயந்திரத்தின் நீண்ட கை இடிபாட்டின் மேல் ஊன்றியிருந்தது. அந்த இரும்பு வழியாக ஏறி வந்த ஏதோ ஒன்று அவர் உள்ளங்கையைத் தட்டியது. டக். டக். டக்.

மூன்று நாளுக்கு முன்பு, பழைய கோட்டைச் சுவரை ஒட்டியிருந்த அந்தச் சாயப்பட்டறையில் பாய்லர் வெடித்தது. இருநூறு வருடக் கல்கட்டடம், மூன்று மாடியும் பொலபொலவென்று உட்கார்ந்துவிட்டது. பத்தொன்பது உடல்களை எடுத்தார்கள். இனி யாருமில்லை, வெயில் தாழ்வதற்குள் இடத்தைச் சமன் செய்துவிடு என்று உத்தரவு.

"ஏன் நிறுத்திட்டீங்க?" கீழே நின்ற இன்ஜினியர் கத்தினார்.

"உள்ள யாரோ தட்டுறாங்க சார்."

"கீழ்த்தளத்துல ஆளே வேலை செய்யலன்னு முதலாளி எழுதிக் குடுத்துட்டாரு. கல்லு சரியுற சத்தமா இருக்கும். வண்டிய எடுங்க."

கயிறு கட்டிய இடத்தில் ஒரு பெண் நின்றிருந்தாள். எங்க வீட்டுக்காரர் கீழ்த்தளத்துலதான் இருக்காரு என்று மூன்று நாளாகச் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போய், இப்போது உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

டிரைவர் பெரிய வீரரெல்லாம் இல்லை. பல்லியைப் பார்த்தால் கட்டில்மேல் ஏறிவிடுவார் என்று அவர் மனைவி தெருவெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். ஆனாலும் சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கடப்பாரையோடு இறங்கினார்.

"வேலை போயிடும்யா!"

"போகட்டும் சார். மூணு தட்டு தட்டிட்டு, நிறுத்தி, திரும்ப மூணு தட்டுமா கல்லு?"

கருகிய துணியும் நனைந்த சுண்ணாம்பும் மூக்கை எரிக்கும் சாய நெடியும் ஒன்றாகக் கலந்து தொண்டையில் படிய, சரிந்த உத்தரங்களுக்கு அடியில் வயிற்றால் ஊர்ந்து, வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் ஒரு காசளவாகச் சுருங்கும்வரை போனார். சுவர் தெரிந்தது. கடப்பாரையால் ஒருமுறை தட்டினார்.

உள்ளே சத்தம் நின்றது.

பிறகு சுவர் முழுக்கத் தட்டியது.

ஒரு கல்லை நெம்பினார். அது உள்ளே விழுந்தது. நாற்றம் முகத்தில் அறைந்தது. செல்போன் விளக்கை அடித்தார்.

சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முழங்கை வரை நீலச் சாயம். வெந்து உப்பிய முகங்கள். திறந்த, இமைக்காத கண்களின் மேல் புழுதி. செத்து மூன்று நாள் ஆகிவிட்டது. அதைச் சொல்ல டாக்டர் வேண்டாம்.

கைகள் மட்டும் தட்டிக்கொண்டிருந்தன.

வெளிச்சம் பட்டதும் நின்றன. எல்லா முகங்களும் திரும்பின.

வேறொரு கல்லை எடுத்து ஓட்டையை அடைத்துவிடலாம். வண்டியை ஏற்றிவிடலாம். யாருக்குத் தெரியும்? அலறத்தான் வாயைத் திறந்தார். வந்தது வேறு.

"பன்னிரண்டு பேர்! கீழ பன்னிரண்டு பேர் இருக்காங்க!"

கயிற்றைத் தாண்டி ஓடிவந்த அந்தப் பெண்ணின் குரல் மேலே கேட்டது. "அண்ணே! அவரும் இருக்காரா?"

"இருக்காரும்மா. எல்லாரும் இருக்காங்க."

"கீழ யாருமில்ல, நீ எடுப்பா!" என்று இன்ஜினியர் கத்த, இன்னொரு வண்டி உறுமியது. அவருக்குப் பதில் வேறு ஆள். தலைக்கு மேல் இருந்த உத்தரம் விலகியது; திடீர் வெயிலில் இரும்புப் பற்கள் தெரிந்தன. ஓட்டையை முதுகால் மறைத்து, காலை அகட்டி உட்கார்ந்தார் டிரைவர்.

"இறக்குடா பாக்கலாம்! என் மேல இறக்கு!"

தோளில் ஏதோ பட்டது.

சில்லென்று. ஈரமாக. நீல விரல்கள்.

அடுத்த தோளிலும். பிறகு இடுப்பில். விலாவில். கழுத்தில். உள்ளேயிருந்து கைகள் ஒவ்வொன்றாக வந்தன. எதுவும் அவரை இழுக்கவில்லை. கூட்டத்தில் தொலைந்துவிடுவோமோ என்று பிள்ளைகள் பிடிப்பதுபோல், சட்டையைக் கசக்கிப் பிடித்துக்கொண்டன.

மேலே வண்டிக்காரன் கைப்பிடியை விட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான். அவன் பார்வை டிரைவருக்குப் பின்னால் இருந்தது.

அவர் திரும்பவில்லை. எழவும் இல்லை. நெஞ்சின் மேல் நீலக் கைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ள, நடுங்கியபடியே, இன்னும் கொஞ்சம் அகலமாக உட்கார்ந்தார்.